இரண்டாம் அறைக்கு மேலே

அந்தக் கட்டடத்தில் வேலை செய்த எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். டக்ட் எனும் தகரக் காற்றுக்குழாய் வேலைக்கு ஃபோர்மேனாக இருந்தவரின் தங்கையைக் கட்டியவன். ஃபோர்மேன் முதல் நாளே எல்லார் முன்னாலும் "மாப்ள" என்று கூப்பிட்டுவிட்டார். மறுநாள் பெயின்டர் கூப்பிட்டார். அதற்கு அடுத்த நாள் வாசல் காவலாளி அவன் பையைச் சோதித்துவிட்டு, "போகலாம் மாப்பிள்ளை" என்றார். காவலாளிக்கு அவன் அப்பா வயது. யாராவது சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ என்று அவனே ஒரு நொடி சும்மா இருப்பான்.

வேலை அந்த ஃபோர்மேன் மச்சான் கொடுத்தது. குடியிருந்த மாடியும் மச்சானுடையது. மாடிக்கு ஏறும் படி மச்சான் வீட்டு முன்னறைக்குள் இருந்தது. நாள் முழுக்க அவர் கண்ணெதிரே வேலை செய்துவிட்டு, சாயங்காலம் அவரைத் தாண்டித்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும். மச்சான் கெட்டவர் இல்லை. அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். அதனாலேயே அவரைப் பற்றி ஒரு சொல் குறையாகப் பேசவும் வழியில்லாமல் இருந்தது.

அது நோய்க்கிருமிகளைச் சோதிக்கும் பரிசோதனைக்கூடம். மூன்று அறைகள், அறைக்கு ஒரு பாதுகாப்புக் கேபினெட். முன்பக்கம் கண்ணாடி இறக்கிய ஆளுயர இரும்புப் பெட்டி அது. உள்ளே கையை மட்டும் நீட்டி வேலை பார்ப்பார்கள். பெட்டி இழுக்கும் காற்று வடிகட்டிக்குள் புகுந்து உச்சி வழியாக வெளியேறும். அந்த உச்சியின் மேல் ஒரு தகரக் குடையைக் கவிழ்த்து, குடையின் கழுத்திலிருந்து டக்டை மேலே கொண்டுபோய், மொட்டைமாடியில் ஓடும் பெரிய விசிறியோடு சேர்ப்பதுதான் இவர்கள் வேலை. குடைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விட வேண்டும். விசிறி ஒரு நேரம் கூடுதலாக இழுக்கும், ஒரு நேரம் சுணங்கும். அந்த ஏற்ற இறக்கம் பெட்டிக்குள் இறங்கிக் காற்றைக் கலைத்துவிடாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி.

சரிபார்க்க வந்தவர் அந்த இடைவெளியில் புகைக்குச்சியைக் காட்டினார். முதல் அறையிலும் மூன்றாம் அறையிலும் புகை சுருண்டு குடைக்குள் ஓடியது. இரண்டாம் அறையில் அது கொஞ்சம் யோசித்து, பிறகு வெளியே வழிந்தது. மேலே ஏறிப் பார்த்தால், டக்ட் திரும்புகிற இடத்தில் வளைவுத் துண்டைக் கோணலாக மாட்டியிருந்தார்கள். இணைப்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வளைவையே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

கூடத்தின் பொறுப்பாளர் அம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மறுநாள் காலை மாதிரிகள் வந்து இறங்கும். அதற்கு முன்பு இரண்டாம் அறைக்கு ஃபார்மலின் புகை போட்டுக் கிருமி நீக்க வேண்டும். புகை போடுகிற இரண்டு பேரும் இயந்திரத்தோடு காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாமதத்துக்காக ஏற்கெனவே ஒரு முறை ஃபோர்மேனிடம் எழுதி வாங்கியிருந்தார் அந்த அம்மா. இன்னொரு முறை என்றால் ஃபோர்மேனை இந்த வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அறைகளின் கூரைப் பலகைகளுக்கும் மேலே இருந்த கான்கிரீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஓர் இடம் ஓடியது. மேல்தட்டு என்பார்கள். அதற்குள் நிமிர முடியாது. இரும்பு விட்டங்களைப் பிடித்துத் தவழ வேண்டும். உள்ளே போக ஒரே வழி, தாழ்வாரத்தின் கடைசியில் ஏணி வைத்து ஏறும் ஒரு சின்ன இரும்புக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மேலே போகிறவன் தன் பேர் எழுதிய அட்டையை அதில் தொங்கவிட்டுவிட்டுப் போக வேண்டும், இறங்கி வந்து தன் கையாலேயே எடுக்க வேண்டும். அட்டை தொங்கும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது. ஆனால் அவன் அட்டையை அவன் மாட்டிய நாளே கிடையாது. மச்சான் மாட்டுவார், மச்சான் எடுப்பார். வீட்டுக்குள் யார் செருப்பை யார் எடுத்து வைத்தால் என்ன என்பதுபோல அது நடந்துகொண்டிருந்தது.

அன்று பன்னிரண்டு மணிக்கு, வழக்கம்போல மச்சானே அட்டைகளை மாட்ட, இரண்டு பேரும் மேலே போனார்கள். செல்போனைச் சட்டையோடு கீழேயே விட்டுவிட்டு, பனியனோடுதான் அவன் ஏறினான். அந்தக் கிளையை அடைக்கும் டேம்பரை, அதாவது டக்டுக்குள் இருக்கும் தகர மடலை, ஃபோர்மேன் வெளிக்கைப்பிடியைத் திருப்பி மூடினார். மற்ற இரண்டு அறைகளுக்காக விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. பழைய வளைவைக் கழற்றத் தொடங்கியதும் ஃபோர்மேன் வயிற்றைத் தடவினார்.

"நீங்க பழசக் கழட்டி வைங்க மாப்ள. நான் ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடி வந்துடறேன். புதுச ஒத்தையாத் தூக்காதீங்க, இடுப்புப் பிடிச்சுக்கும்."

அவர் தவழ்ந்து போய்விட்டார். கோணலாக இறுகிய போல்ட்டுகள் ஒவ்வொன்றும் முரண்டு பிடித்தன. எட்டாவதைக் கழற்றிப் பழைய வளைவை ஓரமாகத் தள்ளியபோது விளக்கு அணைந்தது.

மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தான். வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் உறைத்தது, தலைக்கு மேலே விசிறி ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. மின்சாரம் இருக்கிறது. விளக்கை யாரோ வெளியிலிருந்து அணைத்திருக்கிறார்கள்.

நெற்றியில் கட்டியிருந்த சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு கதவுவரை தவழ்ந்தான். தள்ளினான். கதவு அசையவில்லை. "மச்சான்" என்று கூப்பிட்டான். கையால் தட்டினான், பிறகு ஸ்பானரால் அடித்தான். சத்தம் அந்தத் தாழ்ந்த இடத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பி அவன் காதையே அடைத்தது. சாப்பாட்டு நேரம், எல்லாரும் போயிருப்பார்கள், இதோ வந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பத்து நிமிடத்தில் வந்தது மச்சான் இல்லை, ஒரு வாடை. முதலில் மூக்குத் தண்டில் சுருக்கென்று குத்தியது. பிறகு மிளகாயைக் கண்ணில் தேய்த்ததுபோல் எரிந்தது. காலையில் அந்த இரண்டு பேரும் இயந்திரத்துக்குள் எதையோ ஊற்றும்போது இதே வாடை லேசாக அடித்ததும், "இது உள்ள போச்சுன்னா நுரையீரல் வெந்துடும்ங்க" என்று அவர்களில் ஒருவர் சாதாரணமாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. புகை போடும்போது அந்தத் தாழ்வாரத்தையே டேப் ஒட்டி அடைத்துவிடுவார்கள். மறுநாள் காலைவரை அந்தப் பக்கம் ஈ காக்கை வராது. கதவை அடித்து இனிப் பிரயோசனமில்லை.

கூரைப் பலகையை உதைத்துக் கீழே குதிக்கலாமா என்று பார்த்தான். அவை கீழிருந்து போல்ட் போட்டு, சிலிக்கான் பூசி இறுக்கிய இரும்புத் தகடுகள். பூசியதில் பாதி அவன் கைதான். அப்படியே பிய்ந்தாலும் கீழே இருப்பது அந்தப் புகைதான்.

பனியனைத் தூக்கி வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, வாடை வரும் இடத்தைத் தேடிப் போனான். குடையின் கழுத்திலிருந்து மேலே வந்த டக்ட், வளைவைக் கழற்றிவிட்டதால், வாயைத் திறந்துகொண்டு நின்றது. அறையின் புகை குடை இடைவெளிக்குள் ஏறி, நேரே அவன் இருக்கும் இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. புது வளைவைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளை வாயில் போட்டு டேப்பைச் சுற்றினான். கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் தாள் காற்றில் உப்பி உப்பி அடங்கியது. ஓரங்களில் கசிந்தது. விளக்குப் பெட்டிகளின் இடுக்கிலும் கசிந்தது. இருமல் வந்தால் நிற்கவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் இன்னும் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டியிருந்தது, அது இன்னும் எரிந்தது.

அழுதானா என்று பிறகு மனைவி கேட்டாள். கண் எப்படியும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது, எது அழுகை என்று தெரியவில்லை என்றான். கொஞ்ச நேரம் விட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதாக மட்டும் ஒப்புக்கொண்டான். குழந்தை அன்று காலையில் ஒற்றைக் காலுறையோடு பள்ளிக்குக் கிளம்பிய கோலம் கண் முன்னால் வந்ததாம்.

படுத்திருந்தபோதுதான் கன்னத்துக்குக் கீழே இரும்பு அதிர்வதை உணர்ந்தான். பெரிய விசிறி இழுத்துக்கொண்டே இருக்கிறது. டேம்பர் ஒன்றுதான் அதற்கும் இந்தக் கிளைக்கும் நடுவில் நிற்கிறது. டேம்பரை மட்டும் திறந்தால், அறையின் புகையெல்லாம் அவன் இருக்கும் இடத்தைக் கடந்துதான் அந்தப் பக்கம் போகும், இன்னும் சீக்கிரம் சாவான். வளைவை மாட்டிவிட்டுத் திறந்தால் கதை வேறு. அறையின் புகையைக் குடை வழியாக விசிறி நேரே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச உறிஞ்ச அறைக்குள் காற்று குறையும். இடுக்குகளில் காற்று கீழிருந்து மேலே வராது, மேலிருந்து கீழே போகும். செய்ய வந்த வேலையை முடித்தால் பிழைக்கலாம்.

ஆனால் வளைவு இரண்டு ஆள் தூக்குகிற சுமை. கையால் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தான். இருமல் வந்து இரண்டு தரமும் நழுவியது, ஒரு தரம் விரல் நசுங்கியது. மூன்றாம் தரம் மல்லாந்து படுத்து, வளைவை வயிற்றின் மேல் உருட்டி, இரண்டு பாதங்களாலும் ஏந்தி, முழங்காலை மெல்ல நிமிர்த்தினான். தொடை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு கையால் பிளாஸ்டிக் தாளைப் பிய்த்தான். புகை குப்பென்று முகத்தில் அறைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடினான். போல்ட் ஓட்டைகளை விரலால் தடவித் தடவி, முதல் போல்ட்டை நுழைத்தான். ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றவை படியும் என்று மச்சான்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். குடைப் பக்கம் மூன்று, டேம்பர் பக்கம் மூன்று, அவ்வளவுதான் அவனால் முடிந்தது. இணைப்பு கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் பட்டை இல்லை. இணைப்பைச் சுற்றி டேப்பை நாலு சுற்றுச் சுற்றினான். கைப்பிடியைப் பிடித்து டேம்பரைத் திருப்பினான்.

டக்டின் தகரம் டம் என்று ஒரு சத்தம் போட்டு உள்வாங்கியது. விளக்குப் பெட்டியின் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தான். காற்று விரல்களைக் கடந்து கீழே போனது.

மூச்சு உடனே லேசாகிவிடவில்லை. ஏற்கெனவே வந்து நிறைந்தது வெளியேற நேரம் பிடித்தது. கதவின் அடி இடுக்கில் முகத்தை ஒட்டிக் கிடக்கலாம் என்று நினைத்தான். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. இந்த டக்ட் மூன்றாம் அறைக்கும் போகிறது. அதற்கு வாசல் மறுபக்கம், அங்கே இப்போதும் ஆள் இருக்கும். மெயின் டக்டின் பக்கம் ஊர்ந்து போய், ஸ்பானரால் மூன்று அடி அடித்தான், நிறுத்தினான், மறுபடி மூன்று அடித்தான்.

மூன்றாம் அறையில் கேபினெட்டுக்குள் கையை நீட்டி உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் பெண்ணுக்குத் தலைக்கு மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. விசிறியில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விசிறி தங்கமாக ஓடுகிறது என்றார். அதில் இருபது நிமிடம் போனது. சத்தம் இப்போது விட்டு விட்டு வந்தது, பலமும் குறைந்திருந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, ஸ்டூலில் ஏறிக் குடையின் தகரத்தைப் பேனாவால் இரண்டு முறை தட்டினாள். மேலிருந்து இரண்டு தட்டு வந்தது. நான்கு முறை தட்டினாள். நான்கு வந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கியவள் கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடினாள் என்று எலக்ட்ரீஷியன் பின்னால் பல பேரிடம் சொன்னார்.

சாவி ஃபோர்மேன் பையில் இருந்தது. அவரோ ரப்பர் பட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். காவலாளி முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, தாழ்வாரத்து டேப்பைக் கிழித்து உள்ளே போய், ஏணியில் ஏறிக் கடப்பாறையால் பூட்டை உடைத்தார். "மாப்பிள்ளை, கையக் குடுங்க" என்றார். அவனால் கையைத் தூக்க முடியவில்லை. கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்து இறக்கினார். ஃபோர்மேன் வந்து சேர்ந்தபோது அவனை வெளி வராந்தாவில் படுக்க வைத்து, கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சாவியைக் கையில் பிடித்தபடி ஃபோர்மேன் அப்படியே நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். நுரையீரல் தப்பித்தது, தொண்டையும் கண்ணும் ஆற நாளாகும் என்றார்கள். பொறுப்பாளர் அம்மா இரண்டாம் நாளே வந்தார். என்ன நடந்தது என்று அவனே தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றும், வேலை முடிந்து ஆள் இறங்கியாயிற்று என்று ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் புகை போடச் சொன்னதாகவும் சொல்லிவிட்டுப் போனார். குரலில் கண்டிப்பு இருந்தது, ஆனால் கிளம்பும்போது அவன் தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் போனார்.

நாலாம் நாள் மனைவி ஒரு தாளோடு வந்தாள். மச்சான் எழுதிக் கொடுத்திருந்தார். அட்டையை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகு, மறந்து வைத்த ஸ்பானரை எடுக்க அவனே வேறு சாவி போட்டு மேலே போனதாகவும், கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டதாகவும் அதில் இருந்தது. அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணன் வேலை போனால் கீழ் வீடும் மேல் வீடும் சேர்ந்துதான் தெருவுக்கு வரும் என்று அண்ணி அழுததை அவள் சொன்னாள். அண்ணன் அழவில்லை, சாப்பிடத்தான் இல்லை என்றாள். நீங்கள் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்தட்டில் இருந்ததைவிட அந்த அறையில் அவனுக்கு அதிகமாக மூச்சு முட்டியது. அங்கே ஒரு டேம்பராவது இருந்தது.

ஜன்னலிலிருந்து திரும்பாமலே அவள் கேட்டாள். "உள்ள இருந்தப்ப, யாரு வந்து திறப்பாங்கன்னு நெனச்சீங்க?"

"மச்சான்தான்," என்றான். "வேற யாரு?"

அவள் தாளை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நான் போய்ச் சொல்லிக்கறேன். நீங்க நடந்தத எழுதுங்க."

அவன் நடந்ததை எழுதினான். அட்டையை மச்சான் எடுத்ததை எழுதினான். அதைத் தான் மாட்டாமல் எப்போதும் அவரிடமே விட்டுவந்ததையும் எழுதினான். அந்த இரண்டாவது வரியை எழுதாமல் விட்டிருந்தால் அவன் பேரில் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் அதை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் எழுத அவனுக்குக் கை வரவில்லை.

ஃபோர்மேனை வீட்டுக்கு அனுப்பவில்லை. மேற்பார்வையிலிருந்து எடுத்து ஸ்டோர் அறையில் உட்கார வைத்தார்கள். இருபது வருடம் ஆட்களை ஏவியவர், போல்ட் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் ஒரு மாத ஓய்வும். இரண்டாம் அறை வளைவை வேறு ஆட்கள் ரப்பர் பட்டை வைத்து மறுபடி மாட்டினார்கள். புகைக்குச்சியின் புகை ஒழுங்காகக் குடைக்குள் போனதாம். டெக்னீஷியன் பெண் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வேறு வீடு பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் பள்ளிக்குத் தூரம், அல்லது தண்ணீர் இல்லை. அதனால் மாடியிலேயே இருந்தார்கள். படிக்குப் போக முன்னறையைக் கடக்கும்போதெல்லாம் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவாள். மச்சான் எழுந்து போகமாட்டார், தலையும் தூக்கமாட்டார். குழந்தை மட்டும் இரண்டு வீட்டிலும் ஓடி விளையாடியது. பத்து வாரம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வைப் பார்க்க மச்சான் மேலே வந்தார். அவன் துணி எடுத்துக்கொண்டிருந்தான். ஒதுங்கிப் போகலாம் என்று நினைத்தான், ஆனால் அவர் படிப் பக்கம் நின்றிருந்தார்.

"கண்ணு எப்படி இருக்கு?" என்றார்.

"பரவால்ல மச்சான். வெயில்ல கொஞ்சம் எரியும்."

அவர் தொட்டி மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். வால்வைத் தொடவே இல்லை.

"கதவச் சாத்துனப்ப உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு மாப்ள," என்றார். "டங்குன்னு. அந்தம்மா கீழ நின்னுக்கிட்டு முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. டேம்பர்தான் மூடியிருக்கே, வளைவக் காலைல மாட்டிக்கலாம், நீங்களும் சாப்பிட எறங்கியிருப்பீங்கன்னு கையெழுத்துப் போட்டேன். டக்ட்தான் காத்துல அடிக்குதுன்னு நெனச்சேன். அப்படித்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒரு குரல் குடுத்துப் பாத்திருக்கலாம்."

அது எந்தச் சத்தம் என்று அவனுக்குத் தெரியும். எட்டாவது போல்ட்டைக் கழற்றி, பழைய வளைவைத் தள்ளிய சத்தம். கோபம் வந்திருக்கலாம், வரவில்லை. காய்ந்த துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றான். யாரிடமும் சொல்லாமல் தப்பித்திருக்கக் கூடிய ஒன்றை மச்சான் அவனிடம் வந்து சொல்கிறார். கேட்ட பிறகு அதைக் கேட்காததாக்க முடியாது. எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லை. இனிமேல் யாரிடமாவது சொன்னால் ஸ்டோர் ஸ்டூலும் போய்விடும். சொல்லாவிட்டால் காலமெல்லாம் அது இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும்.

மச்சான் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். தொட்டி வழிந்துகொண்டே இருந்தது. அவனே வால்வைத் திருகி நிறுத்தினான்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி, அண்ணன் குரல் கேட்டதே, என்ன சொன்னார் என்று கேட்டாள். பத்து வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு தெரிந்தது.

"கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டார்," என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிகளை வாங்கி மடிக்க உட்கார்ந்தாள்.